புதிய தரைவீட்டில் கார் நிற்கும் கான்கிரீட் தளம் பழுதானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரைவீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக் குடிபுகுந்தவர்கள் கூரை ஒழுகுகிறதா, தரை ஓடுகளைத் தட்டினால் வெற்று ஒலி வருகிறதா என்று தேடித் தேடிப் பார்ப்பார்கள். வாசலில் கார் நிற்கும் தளத்தை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. சிங்கப்பூரின் சிக்லாப் வட்டாரத்தில் உள்ள எங்கள் வரிசைவீட்டில் குடியேறி ஏழாம் மாதம், பொங்கலன்று விடியற்காலையில் அம்மா அங்கே கோலம் போட்டபோது, ஓர் இழையின் மாவு மட்டும் தரையில் தங்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. மாவு விழுந்து மறைந்த இடத்தில்தான் விரிசலைக் கண்டோம். அதைச் சரிசெய்து முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று; அதில் பாதிக் காலம், காரணம் தெரியாமலே இருமுறை பூசி மூட விட்டதால் வீணானது. அந்த அனுபவத்திலிருந்தும், பின்னர் பொறியாளரிடமும் ஆவணங்களிலும் தெரிந்துகொண்டதிலிருந்தும், இதே நிலையில் இருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கார் போர்ச்சுக்கு அடித்தளம் என்று தனியாக ஒன்று உண்டா?

உண்டு, ஆனால் அது வீட்டுக்கு வீடு வேறுபடும். சில வீடுகளில் போர்ச்சின் தளம் மண்ணின்மேல் நேரடியாகப் படுத்திருக்கும்: மண்ணை நிரப்பி இறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் பிஆர்சி கம்பிவலையும் போட்டு, நூறு முதல் நூற்றைம்பது மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள். வேறு சில வீடுகளில் தளம் மண்ணை நம்பாமல், வீட்டைப் போலவே பைல் என்னும் ஆழ்தூண்களின் மேலுள்ள உத்திரங்களில் தாங்கி நிற்கும். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் வீட்டில் எது என்பதைக் கட்டமைப்பு வரைபடம் ஒன்றுதான் சொல்லும். ஆகவே எந்தப் பேச்சையும் தொடங்குமுன் அந்த வரைபடத்தை, வீட்டைக் கட்டிக்கொடுத்த குத்தகையாளரிடமோ பொறியாளரிடமோ கேட்டு வாங்கிவிடுங்கள். போர்ச்சின் கூரையைத் தாங்கும் தூண்களுக்குத் தனி அடித்தளம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தளம் இறங்குவது ஒரு தொல்லை. தூண் இறங்குவது ஆபத்து.

விரிசல் விழுந்தாலே தளம் பழுது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. கான்கிரீட் உலரும்போது சுருங்குவது அதன் இயல்பு, சுருங்கும்போது நூலிழை விரிசல்கள் விழுவதும் இயல்பே. ஊற்றிய சில மணி நேரத்துக்குள் வெயிலும் காற்றும் மேற்பரப்பின் நீரை விரைவாக இழுத்துவிட்டால், ஆழமில்லாத விரிசல்கள் ஆங்காங்கே தோன்றும். இவை கண்ணை உறுத்தும், ஆனால் தளத்தின் வலுவைப் பெரும்பாலும் குறைப்பதில்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு. கம்பியிட்ட கான்கிரீட்டில் விரிசலின் அகலம் 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி வடிவமைப்பதே இங்கே பின்பற்றப்படும் ஐரோப்பிய விதியின் பொதுவான அளவு. வங்கி அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர், அட்டையின் விளிம்பு விரிசலுக்குள் நுழைகிறது என்றால் அது அந்த அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் அட்டை தடையில்லாமல் நுழைந்தது. விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது, மூலையிலிருந்து குறுக்காக ஓடுவது, துரு நிறக் கறை கசிவது, தட்டினால் அடியில் வெற்று ஒலி கேட்பது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

ஒருநாள் பார்வையைவிடத் தொடர் பதிவு மதிப்புள்ளது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அளவுகோலை அருகே வைத்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுங்கள். வளராத விரிசல் முடிந்துபோன ஒரு நிகழ்வின் தடம். வளர்கிற விரிசலுக்கு அடியில் ஏதோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வீடு அசையாமல் நிற்கும்போது போர்ச் மட்டும் ஏன் இறங்குகிறது?

சிங்கப்பூரில் இந்தப் பழுதின் வேர் பெரும்பாலும் கான்கிரீட்டில் இல்லை, மண்ணில் இருக்கிறது. தீவின் நடுப்பகுதியில் புக்கிட் தீமா கருங்கல், மேற்கே ஜூரோங் படிவப்பாறை, கிழக்கே கெட்டியான பழைய வண்டல் என்று நிலம் பல வகை. ஆனால் காலாங் ஆற்றுப் படுகையிலும் கேலாங், சிக்லாப் போன்ற தாழ்ந்த பகுதிகளிலும், கடல் முன்னும் பின்னும் நகர்ந்த காலங்களில் படிந்த மென்மையான கடற்களிமண் உண்டு; சில இடங்களில் அதன் ஆழம் 30 மீட்டரைத் தாண்டும். நீர் நிறைந்த அந்தக் களிமண்ணின்மேல் புதிதாகச் சுமை ஏறினால், துளைகளில் உள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேறி மண் ஆண்டுக்கணக்கில் அமிழும்.

வீட்டின் பைல்கள் இந்தக் களிமண்ணைத் துளைத்து அடியிலுள்ள கெட்டி மண்ணில் ஊன்றி நிற்பதால் வீடு இறங்குவதில்லை. மண்ணின்மேல் கிடக்கும் போர்ச் தளமோ மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் வரவேற்பறை வாசலில் முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு படி தோன்றும். இரண்டையும் கம்பியால் பிணைத்திருந்தால் படி தோன்றாது. அதற்குப் பதிலாகத் தளம் வளைந்து, வீட்டுச் சுவருக்கு இணையாக ஒரு நீள விரிசல் விழும். எங்கள் கோலமாவு இறங்கியது அத்தகைய விரிசலில்தான்.

களிமண் இல்லாத மேட்டுப் பகுதிகளிலும் இதே விளைவு வரலாம். பழைய வீட்டை இடித்தபோது தோண்டிய பள்ளத்தை, இடிபாட்டுச் செங்கலும் மண்ணும் கலந்து ஒரே நாளில் நிரப்பி, மேலாக ஒருமுறை இறுக்கிவிட்டுத் தளம் போடுகிறார்கள். மண்ணை நூற்றைம்பது, இருநூறு மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். அந்த வேலை நடந்ததா இல்லையா என்பது கான்கிரீட் மூடியபின் யாருக்கும் தெரியாது. மழைநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ அடியில் உடைந்து ஒழுகினாலும் மண் கரைந்து வெற்றிடம் உண்டாகும். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஒழுகும் ஒரு மூட்டு ஒரே பருவமழையில் தளத்தின் அடியைக் குடைந்துவிடும். எனவே குழாய்களைச் சோதிக்காமல் தளத்தைச் சோதிப்பதில் பயனில்லை.

கான்கிரீட்டே தரம் குறைந்தது என்று சந்தேகித்தால் எப்படி உறுதிசெய்வது?

முதலில் காகிதம், பிறகு கருவி. கலவை லாரியோடு வரும் டெலிவரி சீட்டில் கான்கிரீட்டின் வகை, அளவு, ஆலையில் கலக்கப்பட்ட நேரம் எல்லாம் இருக்கும். சி32/40 என்று எழுதியிருந்தால், 28 நாளில் உருளை வடிவச் சோதனையில் 32, கனச்சதுரச் சோதனையில் 40 நியூட்டன் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அது தாங்க வேண்டிய வலிமை. கட்டமைப்பு வரைபடத்தில் கேட்டிருப்பதும் சீட்டில் வந்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கலந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றப்பட்டதா என்பதையும் நேரத்தை வைத்துக் கணக்கிடலாம். கனச்சதுரச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். ஐந்து மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவில் நூற்றைம்பது மில்லிமீட்டர் கனத் தளத்துக்கு வேண்டியது நாலரைக் கன மீட்டர், அதாவது ஒரே லாரி. சிறிய வேலைதானே என்று மாதிரிக் கட்டிகளை எடுக்காமல் விட்டுவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

காகிதம் இல்லையென்றால் கருவிக்குப் போக வேண்டும். ரீபவுண்ட் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். எந்த இடத்தைத் துளைத்துப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க அது உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கவர் மீட்டர் காட்டும். உறுதியான சான்று, தளத்தைத் துளைத்து எடுக்கும் கோர் என்னும் உருளைத் துண்டுதான். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் அதை நசுக்கி வலிமை காண்பார்கள். தளத்திலிருந்து எடுத்த கோரின் வலிமை மாதிரிக் கட்டியின் வலிமையைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம் என்பதால், அந்த எண்ணைப் பொறியாளர்தான் விளக்க வேண்டும்.

எங்கள் தளத்தின் கோரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே வழுவழுப்பான சாம்பல் நிறம். நடுவில் ஜல்லிகளுக்கிடையே சாந்து சேராமல் தேன்கூடு போன்ற ஓட்டைகள். பிஆர்சி வலையோ தளத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, மண் படிந்த தடத்தோடு வந்தது. வலையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளை அடியில் வைக்கவே இல்லை. மண்ணின் ஈரத்துக்குத் திறந்து கிடந்த கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

அன்று தளம் போட்டவர்களில் ஒருவரான புதுக்கோட்டைக்காரர் பின்பு என்னிடம் சொன்னது: "லாரி வந்தப்பவே கலவை இறுகிப்போச்சு அண்ணே. தண்ணி ஊத்தி இளக்கச் சொன்னாங்க, ஊத்துனோம்." சிமெண்டு வினைபுரியத் தேவையான அளவுக்கு மேல் சேரும் நீர் பிற்பாடு ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்கிறது, வலிமை அங்கேதான் போகிறது. இதற்கு அந்தத் தொழிலாளியைக் குற்றம் சொல்வது அநீதி. தாமதமாக வந்த லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை.

கான்கிரீட் ஊற்றும்போது மழை பெய்தது. தளத்தை இடிக்க வேண்டுமா?

தூறலென்றால் வேண்டியதில்லை. பெருமழை இறுகாத தளத்தின்மேல் கொட்டியிருந்தால் மேற்பரப்பின் சிமெண்டு கழுவப்பட்டு, தேய்த்தால் மணலாக உதிரும். கோர் எடுத்துப் பார்த்து, கெட்டது மேல் சில மில்லிமீட்டர்தான் என்றால் அதைச் சுரண்டியெடுத்து மேல்பூச்சுப் போட்டால் போதும்.

யாரை அழைத்துக் காட்டுவது?

குத்தகையாளர் அழைத்துவருபவரை அல்ல. நீங்கள் கட்டணம் கொடுத்து அமர்த்தும் கட்டமைப்புத் துறைத் தொழில்முறைப் பொறியாளரை. அவர் தொழில்முறைப் பொறியாளர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா, நடப்பு ஆண்டுக்கான தொழிற்சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அவருடைய அறிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். என்ன பழுது, என்ன காரணம், எப்படிச் சரிசெய்வது என்ற மூன்றும் அதில் தனித்தனியாக வர வேண்டும்.

உங்கள் வீட்டுத் திட்டத்தில் கையெழுத்திட்ட தகுதிபெற்ற பொறியாளருக்கும் உடனே எழுதுங்கள். சட்டப்படியான பொறுப்பு அவருக்கு உண்டு. 1986 மார்ச் 15 அன்று லிட்டில் இந்தியாவுக்கு அருகே நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டபோது, கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்காதது தெரியவந்தது. அதன்பின் 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தக் கையெழுத்துகளுக்குக் கனத்தைக் கொடுத்தது. நம் வாசல் தளம் சிறியதுதான், ஆனால் அதே சட்டத்தின் கீழ் போடப்பட்டதுதான். தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைக்குமுன்பே பழுது தெரிந்தால் அப்போதே எழுதிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் வலு பின்னர் இருக்காது.

"பூசிக் கொடுத்துவிடுகிறோம்" என்று குத்தகையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா?

காரணம் எழுத்தில் தெரியும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பூச்சு பழுதை மறைப்பதோடு சான்றையும் மறைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் முதல் பூச்சு மூன்று மாதமும் இரண்டாவது ஐந்து மாதமும் தாங்கின. இரண்டும் பிளந்த பிறகு வந்த பொறியாளர், முதலில் விரிசல் எவ்வளவு அகலம் இருந்தது என்று கேட்டபோது எங்களிடம் பொங்கலன்று எடுத்த ஒரு கோலப் படம்தான் இருந்தது.

காரணத்துக்கு ஏற்பவே மருந்து அமையும். வளர்ச்சி நின்றுபோன விரிசலுக்கு எப்பாக்சி என்னும் பிசினைச் செலுத்துவது சரியான தீர்வு. வளர்கிற விரிசலுக்குச் செலுத்தினால் அது பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். தளம் நன்றாக இருந்து அடியில் வெற்றிடம் மட்டும் இருந்தால், துளையிட்டுச் சிமெண்டுக் குழம்போ விரியும் பாலியூரித்தேனோ செலுத்தி நிரப்பலாம். ஆனால் ஆழமான களிமண் இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது என்றால் மேலடுக்கை நிரப்புவது சில ஆண்டு அவகாசம் மட்டுமே தரும். அங்கே தளத்தை எடுத்துவிட்டு மைக்ரோபைல் என்னும் மெல்லிய ஆழ்தூண்களின் மேல் தாங்குதளமாகப் போடலாம். அல்லது வீட்டோடு பிணைக்காமல் இடையே மூட்டு விட்டு, இறங்கினால் மீண்டும் மட்டம் செய்துகொள்ளும்படி கற்கட்டைத் தரை பதிக்கலாம். பின்னது மலிவு, நேர்மையான தீர்வும்கூட. ஆனால் போர்ச்சை வழவழப்பான ஓட்டுத் தரையாகப் பார்க்க ஆசைப்படும் வீட்டாருக்கு அது பிடிப்பதில்லை. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தோம். அதற்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. உங்கள் வேலைக்குத் தேவையா என்பதைப் பொறியாளர் சொல்வார்.

மீதிப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாமா?

ஒப்பந்தம் இடங்கொடுக்கும் அளவுக்கு நிறுத்தலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு பங்கு பிடித்தத் தொகையாகக் கையில் இருக்கும். ஆனால் சும்மா இருந்து நிறுத்துவது ஆபத்து. ஆணையத்தின் திட்ட ஒப்புதல் தேவைப்படும் வீட்டுக் கட்டுமானங்களுக்குக் கட்டுமானத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன்படி குத்தகையாளர் பணக் கோரிக்கை அனுப்பினால், ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள், எப்படியும் 21 நாளைத் தாண்டாமல், எவ்வளவு கொடுக்கிறீர்கள், எவ்வளவை எந்தக் காரணத்துக்காகப் பிடிக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும். பதிலில் சொல்லாத காரணத்தை, அந்தச் சட்டத்தின் கீழ் பணத் தகராறை விசாரிக்கும் தீர்ப்பாளர் பின்னர் கணக்கில் எடுக்கமாட்டார். பழுதான தளம் கண்முன்னே கிடந்தும், பதில் எழுதாததால் முழுப் பணத்தையும் முதலில் கொடுக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. கோரிக்கை ஒரு சாதாரண ரசீதைப் போல மின்னஞ்சலில் வரலாம், அலட்சியமாக விடாதீர்கள்.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. மேம்பாட்டாளரிடமிருந்து புதிய வீடு வாங்கியிருந்தால் வழக்கமான ஒப்பந்தத்தில் 12 மாதக் காலம் உண்டு. நீங்கள் எழுத்தில் தெரிவித்த ஒரு மாதத்துக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். குத்தகையாளரை அமர்த்திக் கட்டியிருந்தால் காலம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் காலம், அவர்களே வந்து சரிசெய்ய வேண்டிய கடமைக்கானது. அது முடிந்தபின்பும் ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை பொதுவாக 6 ஆண்டு நீடிக்கும். மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்ட பழுதுக்கு, அலட்சியம் என்ற அடிப்படையில், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்ற கணக்கும் உண்டு. அதற்கு 15 ஆண்டு மேல்வரம்பு.

கட்டுவித்த உரிமையாளரிடமிருந்து வீட்டை வாங்கிய இரண்டாம் உரிமையாளருக்கு நிலைமை கடினம். அவருக்குக் குத்தகையாளரோடு ஒப்பந்தம் இல்லை. 2016இல் ஒரு கூட்டுரிமை வீட்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகுதியான துணைக் குத்தகையாளரைக் கவனத்தோடு தேர்ந்தெடுத்த முதன்மைக் குத்தகையாளர் அவருடைய அலட்சியத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று வாதிடலாம் என ஏற்றது. வாங்குமுன் பொறியாளரை அழைத்துக் காட்டும் செலவு, அத்தகைய வழக்கின் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

பேச்சு முறிந்தால் எங்கே போவது?

கோரும் தொகை 20,000 வெள்ளிக்குள் இருந்தால், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளிவரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது. 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் 60,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளிவரை மாவட்ட நீதிமன்றம். சமரசப் பேச்சை முன்னதாகவே முயல்வது நல்லது. ஆணையத்துக்கு எழுதுவது பாதுகாப்பு தொடர்பான நடவடிக்கைக்கே உதவும். உங்கள் பணத்தை அது மீட்டுத் தராது.

தளத்தை உடைத்தெடுக்கும்போது அண்டை வீட்டாருக்கு என்ன செய்ய வேண்டும்?

முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்களுடைய சுவரிலும் போர்ச்சிலும் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையில் படமெடுத்து ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது. பழைய வரிசைவீடுகள் பல பக்காவ் மரக் கழிகளின் மேல் நிற்பவை, அதிர்வு அவற்றுக்கு ஆகாது. கனத்த சுத்தியலுக்குப் பதில் ரம்பத்தால் துண்டுபோட்டு எடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும்போது நீர் விட்டுக்கொண்டே இருந்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசி தொழிலாளர்மீதும் தெருமீதும் பறக்காது. குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் உள்ள கட்டுமானத் தளங்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் வேலைக்குத் தடைப்பட்ட நாள்கள்.

மறுபடி தளம் போடும்போது உரிமையாளர் எதைக் கவனிக்கலாம்?

கான்கிரீட் வருவதற்கு முந்திய மாலை நேரம்தான் உங்களுடையது. பிளாஸ்டிக் விரிப்பு கிழியாமல் இருக்கிறதா, கம்பி கவர் பிளாக்கின்மேல் தூக்கி நிற்கிறதா, யாராவது மிதித்தால் கீழே படுத்துவிடுகிறதா என்று குனிந்து பாருங்கள், படமெடுங்கள். மறுநாள் லாரிச் சீட்டைப் படமெடுங்கள். தண்ணீர்க் குழாய் லாரிப் பக்கம் போனால் பொறியாளரின் ஆளைக் கூப்பிடுங்கள். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும் ஒலி மூலைகளிலும் கேட்க வேண்டும். ஊற்றியபின் குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கோ பிளாஸ்டிக்கோ போர்த்தித் தளத்தை நனைவாக வைத்திருக்க வேண்டும்; நம் வெயிலில் ஒரு பிற்பகல் காய விட்டாலும் மேற்பரப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். காரை எப்போது ஏற்றலாம் என்பதைச் சோதனைக் கட்டியின் முடிவைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும்.

சாய்வைத் தரை ஓடு பதிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தபின், வாசற்படியருகே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து அது எங்கும் தேங்காமல் வெளிக்கால்வாய்வரை ஓடிச் சேர்கிறதா என்று நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது வாளியில் இடது தூணருகே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நீர் தங்கியது. அன்று மாலையே அந்த இடத்தைத் தேய்த்து மட்டம் செய்து, மூன்றாவது வாளியையும் ஊற்றிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணையை எழுதிக்கொடுத்தோம்.